மட்காத உடல்

2004 மே மாதம் ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் வைதீக யூதக் குடும்பங்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் குவித்து எரித்தன. மணமான பெண் தன் கூந்தலை மறைக்க வேண்டும் என்ற விதிக்காக அந்தப் பெண்கள் அணிந்துவந்த முடிகள் அவை. அவற்றில் பல திருமலையில் பக்தர்கள் இறக்கிய முடியால் ஆனவை என்று தெரிந்ததும், மூத்த ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் அவற்றை அணியக் கூடாதென்று தீர்ப்பளித்தார். வேறொரு தெய்வத்துக்குப் படைத்த பொருளால் யூதர் பயன்பெறலாகாது என்பது அவர்களுடைய நெறி. மறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். மொட்டையடிப்பது சந்நிதியில் நடப்பதில்லை, கல்யாணகட்டாவில் நடக்கிறது, அது வழிபாட்டுக்கு முந்திய தூய்மைச் சடங்கு, ஆகவே முடியைப் படையலாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: உடம்பிலிருந்து பிரிந்த ஒன்று எப்போது, எதனால், யாருடையதாகிறது? முடியை எவ்வளவு உருப்பெருக்கிப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. வேரில்லாமல் மழித்த முடித்தண்டில் உட்கரு டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏதான் எளிதில் படிக்கக்கூடிய நிலையில் எஞ்சும். வேரற்ற முடியை வைத்துத் தடயவியலார் ஒருவருடைய தாய்வழியை அறிவது இதைக் கொண்டுதான். வேண்டுதல் நிறைவேற்றியதால் அந்த டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஆனாலும் காலையில் பக்தரின் உடம்பாக இருந்தது, திருமலைக் கதை சொல்வதுபோல், சற்று நேரத்தில் நீலாதேவிக்கு உரியதாகிவிடுகிறது. தேவஸ்தானம் அதை ஏலம் விடுகிறது, வணிகர் கடல் கடத்துகிறார், கடைசியில் ஒருத்தி அதை நெருப்பில் போடுகிறாள்.

முடி வெட்டியபின் வளராது. அதனால் அதைப் பற்றிய கேள்வியும் ஓர் எல்லையோடு நின்றுவிடும். வெட்டியெடுத்த துண்டு சாகாமல் வளர்ந்துகொண்டே இருந்தால் என்ன சொல்வது? 1951இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே ஒரு துணுக்கு எடுக்கப்பட்டு ஜார்ஜ் கையின் ஆய்வகத்துக்குப் போனது. அவர் அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, 31 வயதில் இறந்தார். அவருடைய செல்கள் இறக்கவில்லை. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டித்து, ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் பரவின. போலியோ தடுப்பூசியின் சோதனையிலிருந்து இன்றுவரை அவை உதவாத துறை உயிரியலில் அரிது. அந்தச் செல்கள் ஹென்ரியட்டாவா? அவருடைய உடலா? உடல் என்றால், அந்த உடலில் இருப்பவர் யார்? அவர் குடும்பத்தார் சிலர் தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையின்படி, அவர் அழியாத உடலோடு உலகில் இன்னும் நன்மை செய்துவருகிறார் என்று கருதுவதை ரெபெக்கா ஸ்க்லூட் 2010இல் வெளிவந்த தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார். இன்னொரு கோடியில், அது வெறும் ஆய்வுப்பொருள், விலைப்பட்டியலில் ஓர் எண் என்று கருதும் வணிகம் இருக்கிறது. இரண்டையும்விடத் தெளிவான விடை ஒன்று திருப்பதி மலையடிவாரத்துக்கு நெருங்கிய ஒரு சிந்தனைமரபில் கிடைக்கிறது என்பதும், ஆய்வகத்தில் வளரும் புற்றுச்செல்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் காணும் வேறுபாடுகள் அந்த விடைக்குத் துணைநிற்கின்றன என்பதும் என் வாதம்.

முதலில் அந்த டிஎன்ஏவைப் பார்த்துவிடலாம். நம் செல்களில் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு மரபேடு உண்டு. 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள், வட்டவடிவம். உட்கருவின் டிஎன்ஏ செல்லுக்கு இரண்டு படிகள்தான். இதுவோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். தாயிடமிருந்து மட்டுமே வரும். மேலே சொன்ன சிந்தனைமரபின் வைணவ ஆசாரியரான ராமானுஜருக்குத் திருப்பதி மலையடிவாரத்தில் ஓராண்டு ராமாயணப் பொருள் சொல்லித்தந்தவர் அவருடைய தாய்மாமன் பெரிய திருமலை நம்பி என்று குருபரம்பரை சொல்கிறது. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இந்த 16,569 எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். நம்பியின் இன்னொரு தங்கை மகனான எம்பாருக்கும் அப்படியே. ஆனால் படிகள் இத்தனை இருப்பதால் பிழைகளுக்கும் இடம் அதிகம். ஒரு செல்லில் சில படிகள் மாறியும் மற்றவை மாறாமலும் சேர்ந்தே இருக்கலாம். செல் பிளக்கும்போது எந்தப் படி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு உட்கருவில் உள்ளது போன்ற கண்டிப்பான பங்கீடு இல்லை. வெள்ளையும் சிவப்பும் கலந்த நெல்மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி விதைத்து, அந்த விளைச்சலில் இன்னொரு கைப்பிடி அள்ளி விதைத்து, இப்படியே போனால் ஏதோ ஒரு போகத்தில் ஒரு நிறம் மட்டுமே மிஞ்சும். குடுவையிலிருந்து குடுவைக்கு ஒரு சொட்டுச் செல்களை மாற்றி வளர்க்கும்போது நடப்பது அதுதான். போதாததற்கு வளர்ப்புத் திரவத்தில் குளுக்கோஸ் தாராளம். புற்றுச்செல்கள் குளுக்கோஸை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும் என்பதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். மைட்டோகாண்ட்ரியா அவ்வளவாக வேலை செய்யாவிட்டாலும் செல் வாழ முடிகிற இடத்தில், உடம்பில் தங்கியிருக்க முடியாத பிழைகளும் தங்கிவிடுகின்றன.

இது வெறும் ஊகம் இல்லை. 1998இல் புற்றுநோய் ஆய்வாளர் வோகல்ஸ்டைனின் குழுவினர் பெருங்குடல் புற்றின் 10 செல் வரிசைகளைப் பார்த்தபோது ஏழில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிறழ்ந்திருந்தது. 2002இல் ஹீலாவின் பல கிளை வரிசைகளில் இந்த டிஎன்ஏவை முழுமையாக ஒப்பிட்டவர்கள், ஒரே பெண்ணின் ஒரே கட்டியிலிருந்து கிளைத்தவை தங்களுக்குள்ளேயே கணிசமாக வேறுபடுவதைக் கண்டார்கள். அடித்தளத்தில் ஆப்பிரிக்கத் தாய்வழியின் முத்திரை எல்லாவற்றிலும் இருந்தது. அதன்மேல் ஒவ்வோர் ஆய்வகக் கிளையும் தன் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1981இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை முழுதாகப் படித்து உலகுக்கு அளவுகோலாகத் தந்தபோது, பெரும்பகுதி ஒரு நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது. தெளிவில்லாத இடங்களை நிரப்ப ஹீலாவிலிருந்தும் மாட்டிலிருந்தும் எழுத்துகள் எடுக்கப்பட்டன. 1999இல் திருத்தும்வரை, மனிதர் எல்லோருடைய தாய்வழியையும் அளந்த கோலில் அந்தக் கலப்பும் இருந்தது. உட்கருவிலும் கதை வேறில்லை. மிச்சிகனைச் சேர்ந்த கன்னியாஸ்திரி சகோதரி கேதரின் ஃபிரான்சிஸின் மார்பகப் புற்றிலிருந்து 1970இல் எடுத்த செல்களே இன்று எம்சிஎஃப்-7 என்ற பெயரில் உலகெங்கும் புழங்குகின்றன. அதன் 27 கிளைகளை 2018இல் ஒப்பிட்டார்கள். சில கிளைகளை வலுவாகத் தாக்கிய மருந்துகளில் நான்கில் மூன்று பங்கேனும், வேறு சில கிளைகளில் துளியும் வேலை செய்யவில்லை. ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டிய குடுவைகளில் இருந்தவை ஒரே பொருளாக இல்லை.

இனி ராமானுஜரிடம் வரலாம். ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில் சரீரம் என்பது என்ன என்று அவர் விரிவாக ஆராய்கிறார். உலகமே பிரம்மத்தின் சரீரம் என்று நிறுவ வேண்டியவருக்கு அந்தக் கேள்வி தலையாயது. கை கால் உள்ளதே உடல், புலன்களுக்கு இருப்பிடமானதே உடல், வினைப்பயனை நுகரும் இடமே உடல் என்றெல்லாம் பிறர் சொன்ன இலக்கணங்களை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். அவர் வைக்கும் சோதனை உறவைப் பற்றியது. ஓர் ஆத்மா எதைத் தாங்குகிறதோ, எதை இயக்குகிறதோ, எது அந்த ஆத்மாவின் பயனுக்காகவே இருக்கிறதோ அதுவே அதன் சரீரம். எந்தப் பொருளால் ஆனது, என்ன வடிவம், எங்கிருந்து வந்தது என்பவை எல்லாம் இரண்டாம்பட்சம். உடனே எழும் ஐயங்களையும் அவரே எடுத்துக்கொள்கிறார். வாதத்தால் செயலிழந்த உடம்பை ஆத்மா இயக்கவில்லையே என்றால், இயக்கும் ஆற்றல் இருக்கிறது, நோய் அதைத் தடுத்து நிற்கிறது என்பது பதில். பிணத்தையும் உடல் என்கிறோமே என்றால், ஆத்மா நீங்கிய கணத்திலேயே அது கலையத் தொடங்கிவிடுகிறது. முன்பு சரீரமாக இருந்த தொகுதியின் பகுதி என்பதால் வழக்கில் அப்படிச் சொல்கிறோம், அவ்வளவே என்கிறார்.

இந்தக் கடைசிப் பதிலில்தான் ஹீலா வந்து முட்டுகிறது. பிணம் மட்குகிறது என்பதே அது சரீரமில்லை என்பதற்குச் சான்று. ஹீலா மட்கவில்லையே? ஹென்ரியட்டா இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உண்கிறது, மூச்சுவிடுகிறது, பிளந்து பெருகுகிறது. அப்படியானால் ஏதோ ஒன்று அதை இன்னும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இதற்கு விடை மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ராமானுஜர் சொன்னது தொகுதி கலைவதைப் பற்றி. அழுகல் அந்தக் கலைவின் ஒரு வடிவம். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே வடிவமும் அதுதான். செல்கள் சாகாமலே தொகுதி கலைய முடியும் என்பதை ஹீலா காட்டுகிறது. டோக்கியோவில் ஒரு குடுவை, ஹைதராபாத்தில் ஒரு குடுவை, புணேயின் தேசிய செல் அறிவியல் மையத்தில் உறைநிலையில் ஒரு குப்பி. ஒவ்வொன்றிலும் தாய்வழி எழுத்துகள் வெவ்வேறு திசையில் நழுவுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று இசைவிக்கும் இரத்தம் கிடையாது, நரம்பு கிடையாது, எதன் பொருட்டு இருக்கிறோம் என்ற ஒரே நோக்கமும் கிடையாது. எழுத்து எழுத்தாக விலகிப் போவது சாகாத பொருளின் மட்குதல். ஹென்ரியட்டாவின் செல்கள் என்று நாம் சொல்வது, பிணத்தை உடல் என்று சொல்வதுபோல, முன்பு இருந்த தொகுதியை நினைத்துச் சொல்வதே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உயிரோடிருக்கும் நம் உடம்பிலும் இதே மாற்றங்கள் நடக்கின்றன. வயதாக ஆகத் தசையிலும் மூளையிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ செல்லுக்குச் செல் வேறுபட்டுக்கொண்டே போகிறது. எண்பது வயதுக்காரரின் உடம்பு பல்வேறு பிழைகளின் கலவை. அதற்காக அது அவர் உடம்பு இல்லை என்போமா? மாற்றம் மட்டுமே சான்றென்றால் என் வாதம் இங்கே உடைந்துவிடும். ராமானுஜரின் இலக்கணம் கைகொடுப்பதும் இங்கேதான். அது ஒருபடித்தான தன்மையைக் கேட்கவில்லை, ஒருவருக்கு அடங்கிப் பயன்படுவதைக் கேட்கிறது. முதியவரின் முழங்கால் தசையில் பிறழ்ந்த செல்லும் பிறழாத செல்லும் சேர்ந்தே அவரை எழுந்து நிற்கவைக்கின்றன. வேறுபாட்டுக்கு மேலே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஒன்று இருக்கிறது. குடுவைகளுக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. ஆக, வேறுபாடு மட்டும் தனியாகச் சான்றாகாது. வேறுபட்டவற்றை ஒன்றாக ஆள யாருமில்லாதபோதுதான் அது சான்றாகிறது. இதை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோகலாம். புற்றுக்கட்டி உடம்புக்குள் இருக்கும்போதே அந்த உடம்புக்காக இருப்பதை விட்டுவிட்டது. வாதநோயில் ஆற்றல் தடுக்கப்படுகிறது என்ற விளக்கம் கட்டிக்குப் பொருந்தாது. கட்டி செயலற்றுக் கிடக்கவில்லை, தனக்காகத் தானே ஓடியாடி வேலை செய்கிறது. அறுவை மருத்துவர் கத்தி வைப்பதற்கு முன்பே அது சரீரம் என்ற உறவிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது என்றே இந்த இலக்கணப்படி சொல்ல வேண்டும். தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக மனம் குமையும் நோயாளிக்கு இது சிறிய ஆறுதலும்கூட.

அறிவியல் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. கட்டிகளில் காணும் மைட்டோகாண்ட்ரியா மாற்றங்களில் பெரும்பாலானவை பொருளற்ற தற்செயல் என்று 2001இலேயே ஹிலரி காலரும் உடன் ஆய்ந்தோரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2014இல் 1,675 புற்றுக்கட்டிகளை அலசிய பெரிய ஆய்வும் இயற்கைத் தேர்வின் தடயம் குறைவு என்றே சொன்னது. இரைச்சலை வைத்து மெய்யியல் பேசலாமா என்று கேட்கலாம். எல்லாமே இரைச்சல் என்பது முதலில் சரியில்லை. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு எலிக்கட்டி வரிசைகளுக்கிடையே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் மாற்றிவைத்தபோது, உடம்பில் பரவும் திறனும் அதோடு கூடவே இடம் மாறியது. இரைச்சல்தான் என்றே வைத்துக்கொண்டாலும் என் வாதம் தளராது, வலுக்கும். தேர்வின் கட்டாயத்தால் எல்லாக் குடுவைகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால், ஏதோ ஒரு விதி அவற்றை ஒன்றாகப் பிடித்திருக்கிறது என்றாவது சொல்லலாம். தற்செயலாக ஆளுக்கொரு பக்கம் நகர்கின்றன என்றால், பிடித்திருக்க எதுவுமில்லை என்றுதானே பொருள்?

இந்த உறவு இலக்கணத்துக்கு உயிரியலிலிருந்தே இரண்டு அருமையான துணைகள் கிடைக்கின்றன. ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவே முதலில் நம்முடையதாக இருக்கவில்லை. அது என்றோ தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பழங்காலத்தில் வேறொரு செல்லுக்குள் புகுந்து அதற்கே உழைக்கத் தொடங்கியது. லின் மார்குலிஸ் 1967இல் இதை விரித்து எழுதியபோது ஏற்றுக்கொள்ளத் தயங்கியவர்கள் பலர். இன்று அது பாடநூல். பிறப்பால் அந்நியமானது பயன்பாட்டால் உடம்பானது. பிறப்பால் உடம்பாக இருந்த கட்டியோ பயன்பாடு அற்றதால் அந்நியமாகிறது. இரண்டாவது 2015இல் நியூசிலாந்தின் மைக்கேல் பெரிட்ஜ் குழுவினர் கண்டது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே இல்லாமல் செய்த புற்றுச்செல்களை எலிக்குள் செலுத்தினார்கள். அவை வளரத் தடுமாறின. பிறகு அந்த எலியின் செல்களிடமிருந்தே மைட்டோகாண்ட்ரியாவைப் பெற்று வளர்ந்தன. யாருடைய எழுத்து யாரிடம் இருக்கிறது என்பதைக் கொண்டு உடம்பின் எல்லையை வரைய முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை. காளத்தியில் கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டி இறைவனின் குருதி வழியும் கண்ணில் அப்பியபின் அது யாருடைய கண் என்று எந்தச் சைவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. திருப்பதிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற அந்தத் தலமும் 2022 வரை திருப்பதியைப் போலவே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வைணவ ஆசாரியரின் இலக்கணத்துக்குச் சைவ வேடரைச் சாட்சியாக அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

சமய மரபுக்குள்ளிருந்தே ஒருவர் இன்னொன்றைக் கேட்கலாம். ஜீவன் அணுவளவானது, செடிகொடிகளும் ஜீவனின் சரீரமே என்று இதே மரபு சொல்கிறதே, அப்படியானால் ஒவ்வொரு ஹீலா செல்லிலும் ஒரு ஜீவன் இருக்கலாமல்லவா? இருக்கலாம். இருந்தால் அவை அந்தந்த ஜீவனின் சரீரங்கள், ஹென்ரியட்டாவின் சரீரம் ஆகா. 1991இல் உயிரியலாளர் லீ வான் வேலன் ஹீலாவைத் தனி உயிரினமாகவே கொண்டு அதற்கு இலத்தீன் பெயரும் சூட்டினார். பெரும்பாலான உயிரியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் இங்கே முடிவு ஒன்றே: அந்தப் பெண்ணின் ஆத்மா குடுவைக்குள் அடைபட்டிருக்கவில்லை. அவருடைய குடும்பத்தாரின் நம்பிக்கையை நான் இதனால் பொய்யென்று சொல்ல வரவில்லை. அவர் நன்மையில் இன்னும் வாழ்கிறார் என்பது அந்த நம்பிக்கையின் உயிர்நாடி. அதற்கு அவர் செல்களுக்குள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசி மறுப்பு. அவருடைய உடல் இல்லையென்று நிறுவிவிட்டால், எடுத்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் வழக்கறிஞர் வாதம் எழுதிக் கொடுத்தது போலாகாதா? உடல் இல்லையென்றால் யாருக்கும் உரிமையில்லை, யாரும் எடுக்கலாம் என்று ஆகிவிடாதா? இந்த அச்சத்தால்தான் பலர், அறிவுக்குச் சரியென்று படாவிட்டாலும், ஹீலா ஹென்ரியட்டாவே என்ற பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உரிமையைப் பொருளின் எழுத்தோடு கட்டினால், எழுத்து நழுவ நழுவ உரிமையும் நழுவும். அதைக் கட்ட வேண்டிய இடம் கொடுத்தல் என்ற செயல். திருப்பதி மரபில் இதற்கு ஒரு கண்டிப்பான கதை உண்டு. ராமானுஜர் கேட்டுக்கொண்டதால் திருமலை நம்பி தமக்குத் தொண்டு செய்துவந்த எம்பாரை அவருக்கே தத்தம் செய்துகொடுத்தார். நம்பியைப் பிரிந்திருக்க முடியாமல் எம்பார் ஏங்கித் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, நம்பி அவரை உள்ளே அழைக்கவில்லை. மனைவியார் இரங்கிக் கேட்டதற்கு, விற்றுவிட்ட பசுவுக்குத் தீனி போடுவது விற்றவர் வேலையில்லை என்று மறுத்துவிட்டார். ஒரே தாய்வழி, ஒரே இரத்தம், ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான். இந்தக் கதையின் கடுமை நம்மைச் சுடுகிறது, ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: கொடுக்கும் உரிமையுள்ளவர் கொடுத்தால்தான் கொடை. கல்யாணகட்டாவில் தலையைக் குனிந்து கொடுக்கும் விவசாயக்கூலிப் பெண் முழு மனதோடு கொடுக்கிறாள். அதற்குப்பின் அந்த முடி எத்தனை கோடிக்கு ஏலம் போனாலும் அவளிடமிருந்து யாரும் எதையும் பறித்ததாகாது. ஹென்ரியட்டா கொடுக்கவில்லை, அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. 1951இல் நடந்த அந்தக் குறை, செல்கள் எத்தனை முறை பிறழ்ந்தாலும் அப்படியே நிற்கிறது. ஏனென்றால் அது செல்களில் இல்லை.

யாருடைய உடலும் இல்லாதது அநாதைப் பொருள் என்ற எண்ணத்துக்கும் இந்த மரபில் இடமில்லை. ஓர் ஆத்மாவின் சரீரத்திலிருந்து விலகியதும் பரமாத்மாவின் சரீரத்திலிருந்து விலகுவதில்லை என்பது ராமானுஜ தரிசனத்தின் அடிநிலை. ஹீலா குடுவையும் அதற்குள்தான். நம்புகிறவருக்கு இது போதும். நம்பாதவருக்கும் பொருந்தும் வகையில் நடைமுறை மெல்ல அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2013இல் ஹீலாவின் முழு மரபேட்டை ஜெர்மனியின் ஆய்வாளர்கள் யாரையும் கேட்காமல் வெளியிட்டார்கள். லாக்ஸ் குடும்பம் எதிர்த்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் குடும்பத்தோடு உடன்பாடு செய்து, அந்தத் தரவை யார் பார்க்கலாம் என்று முடிவுசெய்யும் குழுவில் குடும்பத்தாருக்கு இடம் கொடுத்தது. உடன்பாடு கட்டுப்படுத்தியது தரவை, செல்களை அன்று. அது சரியான இடம் என்றே நினைக்கிறேன். எழுத்துகள் ஹென்ரியட்டாவின் உடல் ஆகா. ஆனால் இன்று உயிரோடிருக்கும் பேரப்பிள்ளைகளின் உடல்களைப் பற்றி அவை பேசுகின்றன. பாதுகாக்க வேண்டிய சரீரங்கள் அவை. ஹீலா செல்களை விற்றதற்காகத் தன்மீது குடும்பத்தார் தொடுத்த வழக்கை 2023 ஆகஸ்டில் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் சமரசத்தில் முடித்ததும், பழைய எடுப்பின் குறையை நேர்செய்யும் முயற்சிகளில் ஒன்று.

இது தூரத்து அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் வாய்ப்புற்றுக் கட்டிகளிலிருந்து உருவாக்கிய நான்கு செல் வரிசைகளைப் பற்றி 1990இலேயே எழுதினார்கள். திருமலை அடிவாரத்து அலிபிரியில் தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை 2022இல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே சிகிச்சையோடு உயர் ஆராய்ச்சியும் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் பேசும் எல்லைப்புற மக்கள் மலைக்குப் போகும் அதே வழியில் இருக்கிறது அது. இப்படிப்பட்ட இடங்களில், அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நோயாளியின் முன் வருவது இயல்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. மாதிரிக்கு உரியவர் அதைத் தந்தவரே, நிறுவனம் அதன் காப்பாளர் மட்டுமே, தந்தவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். நம்பியின் கண்டிப்பான கொடைக்கும் இந்த விதிக்கும் இடையே ஒரு முரண் இருக்கிறது. அதைத் தீர்க்கவும் மேலே சொன்ன சான்றே உதவுகிறது. உறைநிலைப் பெட்டியில் குப்பியாக இருக்கும்வரை அந்தத் துண்டைத் திரும்பக் கொடுக்கலாம், அழித்தும் விடலாம். பத்து ஆய்வகங்களுக்குப் பிரிந்து, ஐம்பது முறை குடுவை மாறி, தாய்வழி எழுத்தே வேறாகிப்போன பின் எதைத் திரும்பக் கொடுப்பது? திரும்பப் பெறும் உரிமைக்கு உயிரியல் ஒரு கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு எது, அதற்குப்பின் மிஞ்சுவது தரவின் மீதான உரிமை மட்டுமே என்பதைக் கையெழுத்து கேட்கும்போதே, நோயாளியின் மொழியில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு முழுமையாகக் கொடுப்பது என்றால் என்ன என்பது புதிதாகக் கற்றுத்தர வேண்டிய விஷயமில்லை. மலையில் அவளிடம் கேட்டுப் பெறுவதை, அடிவாரத்து ஆய்வகமும் கேட்டே பெற வேண்டும்.